உத்தரவு வருமுன்: நபி யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு





நம் இல்லங்களில் ஏதேனும் ஒரு முஸீபத் நேர்ந்துவிட்டால், அல்லது நோயாளி ஒருவர் நீண்ட நாள் படுக்கையில் கிடந்துவிட்டால், வெள்ளைத் துணியை விரித்து, புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்து, சுற்றி அமர்ந்து யூனுஸ் நபியின் துஆவை ஓதுகின்ற வழக்கம் நம் முன்னோர் காலந்தொட்டே இருந்து வருகின்றது. அந்த துஆவை மனனமாக அறியாத பெண்மணிகள்கூட நம்மிடையே மிகக் குறைவு. ஆனால், அதை ஓதியவர் எந்தச் சூழ்நிலையில் ஓதினார், அந்த மீனின் வயிற்றுக்கு அவர் எவ்வாறு போய்ச் சேர்ந்தார் என்று கேட்டால், மீன் விழுங்கியது, துஆ ஓதினார்கள், மீன் கக்கியது என்ற அளவில்தான் பலருடைய விடை நின்றுவிடுகின்றது. கப்பலில் அவர்கள் ஏன் ஏறினார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கின்றது. ஆகவே அதையே இவ்வாண்டு மலரில் சற்று விரிவாகச் சொல்ல விழைகின்றோம்.

சொல்லத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கையை முதலில் நமக்கே கூறிக்கொள்கின்றோம். நபிமார்கள் பாவங்களிலிருந்து பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது அஹ்லுஸ் ஸுன்னத் வல்ஜமாஅத்தின் கொள்கையாகும். அவர்களிடம் நிகழ்ந்த சிறு சறுக்கல்களை அல்லாஹ் தன் வேதத்தில் எடுத்துரைப்பது அவர்களைத் தாழ்த்துவதற்காக அல்ல, நம்மைத் திருத்துவதற்காக. யூனுஸ் இப்னு மத்தாவைவிட நான் சிறந்தவன் என்று எவரும் சொல்லலாகாது என்னும் கருத்தில் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தடை விதித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் பதிவாகியுள்ளது. மற்ற நபிமார்களை விட்டுவிட்டு இவர்களுடைய பெயரைக் குறிப்பிட்டு ஏன் இவ்வாறு கூற வேண்டும்? இந்த வரலாற்றைக் கேட்கின்றவனின் உள்ளத்தில், நானாக இருந்தால் பொறுமையாக இருந்திருப்பேன் என்ற எண்ணம் எழக்கூடும் என்பதனால்தான் என்று உலமாக்கள் விளக்கம் தருகின்றார்கள். இதனைப் படிப்பவர்களும் எழுதுகின்ற நாமும் அந்த எண்ணத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவோமாக.

திருக்குர்ஆனில் யூனுஸ் என்ற பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. அந்நிஸா, அல்அன்ஆம், யூனுஸ், அஸ்ஸாஃப்பாத் ஆகியவை அந்த ஸூராக்கள். இவையன்றி அல்அன்பியாவில் துன்னூன் என்றும், அல்கலமில் ஸாஹிபுல் ஹூத் என்றும் அவர்கள் குறிக்கப்படுகின்றார்கள். இரண்டிற்கும் மீனுக்குரியவர் என்பதே பொருள். பத்தாவது ஸூரா அவர்களுடைய பெயராலேயே அமைந்திருந்தும் அதில் அவர்களைப் பற்றி வருவது ஒரே ஓர் ஆயத்துதான். அதுவும் அவர்களைப் பற்றியதாக இல்லாமல் அவர்களுடைய சமுதாயத்தாரைப் பற்றியதாக இருக்கின்றது. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

அவர்கள் அனுப்பப்பட்ட ஊர் நீனவா. இன்றைய இராக்கின் வடபகுதியில், திஜ்லா நதியின் கிழக்குக் கரையில், மூஸில் நகருக்கு எதிர்ப்புறம் அதன் இடிபாடுகள் இன்றும் உள்ளன. அஸீரியப் பேரரசின் தலைநகராக அது விளங்கியது. அதனைச் சுற்றியிருந்த மதிற்சுவரின் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் என்று அகழ்வாராய்ச்சியாளர்கள் அளந்திருக்கின்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கு தோண்டியபோது அரண்மனைகளும், களிமண் பலகைகளில் எழுதப்பட்ட ஒரு பெரும் நூலகமும் வெளிப்பட்டன. போர்களில் வென்ற ஊர்களையும் சிறைபிடித்த மக்களையும் கல்லில் செதுக்கி அரண்மனைச் சுவர்களை அலங்கரித்த கூட்டம் அது. அத்தகைய ஊருக்குள் படையோ பரிவாரமோ இன்றித் தனியொருவராகச் சென்று, நீங்கள் வணங்குகின்ற சிலைகள் வீண், படைத்தவன் ஒருவனே என்று சொல்லுமாறு பணிக்கப்பட்டவர்தாம் நபி யூனுஸ் (அலை) அவர்கள்.

அவர்கள் சொன்னார்கள். ஊரார் செவிசாய்க்கவில்லை. எத்தனை காலம் சொன்னார்கள் என்பது குர்ஆனில் இல்லை. முடிவில் அல்லாஹ்வின் அதாபு மூன்று நாட்களில் வந்துவிடும் என்று எச்சரித்தார்கள் என்று முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகின்றார்கள். எச்சரித்துவிட்டு அவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள்.

இந்த வெளியேற்றத்தைத்தான் நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் எப்போது வெளியேறினார்கள் என்பதில் இரு கருத்துகள் உள்ளன. அதாபு இறங்குமுன்னரே, இனி இவர்களுடன் இருப்பதில் பயனில்லை என்று கருதிப் புறப்பட்டுவிட்டார்கள் என்பது ஒரு சாராரின் கூற்று. மூன்று நாள் கழிந்தும் ஊர் அழியாமல் இருப்பதைக் கண்டு, பொய்யன் என்று பெயர் எடுத்துக்கொண்டு எப்படித் திரும்புவது என வருந்திப் போனார்கள் என்பது மற்றொரு சாராரின் கூற்று. எப்படியாயினும் அவர்களுக்கு உண்டான கோபம் தம் சமுதாயத்தார் மீது, அவர்களுடைய குஃப்ரின் மீது உண்டான கோபமாகும். ரப்பின் மீது கோபம் கொண்டார்கள் என்று கருதுவது ஒரு நபியின் தகுதிக்கு ஒவ்வாதது. அவ்வாறே, அல்அன்பியா ஸூராவில் வரும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அல்லாஹ்வுக்குத் தம்மைப் பிடிக்கச் சக்தியில்லை என்று அவர்கள் எண்ணியதாகச் சிலர் பொருள் செய்துவிடுகின்றார்கள். அரபி இலக்கணம் அறிந்தவர்கள் அந்த இடத்தில் நின்று விளக்கம் தருவார்கள். கத்ர் என்ற மூலத்திற்கு ஆற்றல் என்ற பொருள் மட்டுமல்ல, நெருக்குதல், இறுக்குதல் என்ற பொருளும் உண்டு. ரிஸ்கை விரிக்கவும் சுருக்கவும் செய்கின்றான் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்லும்போது சுருக்குதலுக்கு வருவதும் இதே மூலம்தான். ஆக, தாம் அங்கிருந்து சென்றுவிட்டால் அதற்காக அல்லாஹ் தம்மை நெருக்கடிக்குள்ளாக்க மாட்டான் என்று நல்லெண்ணம் வைத்தார்கள் என்பதே அதன் பொருளாகும்.

அப்படியானால் குறைதான் என்ன? மது அருந்தவில்லை, பொய் சொல்லவில்லை, ஒருவருடைய பொருளை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் முடித்துவிட்டார்கள். போ என்ற உத்தரவு வருமுன் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அஸ்ஸாஃப்பாத் ஸூராவில் அவர்கள் கப்பலை நோக்கிச் சென்றதைக் குறிக்க அல்லாஹ் ஒரு சொல்லை ஆளுகின்றான்: அபக. எஜமானனிடம் சொல்லாமல் ஓடிப்போன அடிமையைக் குறிப்பதற்கு அரபிகள் வழங்கும் சொல் அது. மதரஸாவில் அந்த ஆயத்தை ஓதிய நாளில் நம் உஸ்தாது சிறிது நேரம் மேற்கொண்டு பாடம் நடத்தாமல் தலையைக் குனிந்தபடி அமர்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கின்றது. ஒரு நபிக்கு இந்தச் சொல் பயன்படுத்தப்படுமானால் நம்முடைய நிலை என்ன என்பதுதான் அந்த மௌனத்தின் பொருள் என்று அப்போது நமக்கு விளங்கவில்லை.

மற்ற நபிமார்களின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். லூத் (அலை) அவர்கள் தம் ஊரை விட்டு இரவில் வெளியேறினார்கள். மலக்குகள் வந்து சொன்ன பின்னரே வெளியேறினார்கள். மூஸா (அலை) அவர்கள் பனீஇஸ்ராயீல்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டதும் வஹீ வந்த பின்னரே. நம் பெருமானார் (ஸல்) அவர்களைப் பாருங்கள். மக்காவில் ஸஹாபாக்கள் ஒவ்வொருவராக மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்துவிட்டார்கள். குறைஷிகளின் சூழ்ச்சியோ முற்றிக்கொண்டே போனது. அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாத காலம் தழை போட்டு வளர்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒட்டகம் தயார், தோழர் தயார், போய்ச்சேர வேண்டிய ஊரும் தயார். உத்தரவு மட்டும் வரவில்லை. ஆகவே காத்திருந்தார்கள். நண்பகல் வெயிலில் முகத்தை மூடிக்கொண்டு தம் தோழரின் இல்லத்திற்கு வந்து, அனுமதி கிடைத்துவிட்டது என்று அறிவித்த பிறகே புறப்பட்டார்கள். மக்கா வாழ்வின் தொடக்க காலத்திலேயே இறங்கிய ஸூராக்களில் ஒன்றாகிய அல்கலமில், ரப்பின் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்குமாறும், மீனுக்குரியவரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்றும் அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அந்தப் பாடம் ஹிஜ்ரத்தின் இரவுவரை அவர்களுடன் இருந்தது.

கப்பலும் கடலும்

ஆட்களும் சரக்கும் நிறைந்த கப்பல் ஒன்று புறப்பட ஆயத்தமாக இருந்தது. அதில் ஏறிக்கொண்டார்கள். நடுக்கடலில் அலை எழும்பிக் கப்பல் தத்தளித்தது. பாரத்தைக் குறைக்க ஒருவரைக் கடலில் இறக்கியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நபியவர்களின் பெயர் வந்தது. முகத்தைப் பார்த்தாலே ஸாலிஹான மனிதர் என்று தெரிகின்ற ஒருவரைக் கடலில் தள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் அதே பெயர். மூன்றாம் முறையும் அதே பெயர் வந்தது என்று தஃப்ஸீர்கள் கூறுகின்றன. அழைப்பு யாருக்கு என்பது நபியவர்களுக்குப் புரிந்துவிட்டது.

யூத, கிறிஸ்தவ வேதத்தில் யோனா என்ற பெயரில் நான்கு அதிகாரங்கள் கொண்ட சிறு புத்தகம் ஒன்று உண்டு. அதில் வரலாறு சற்று வேறாகச் செல்கின்றது. அவர் நினிவேக்குப் போகுமாறு கட்டளை வந்த உடனேயே, அங்கு போகாமல் யாப்பா துறைமுகத்திலிருந்து தர்ஷீஸுக்குக் கப்பல் ஏறியதாகவும், மீனிலிருந்து வெளிவந்த பின்னரே ஊருக்குச் சென்று எச்சரித்ததாகவும், மக்கள் மனந்திருந்தித் தப்பித்தபோது அதற்காகவே அவர் கோபித்துக்கொண்டதாகவும் அப்புத்தகம் சொல்கின்றது. இறைக்கட்டளையை ஒரு நபி முதலிலேயே மறுத்தார் என்பதை நாம் ஏற்பதில்லை. இருந்தாலும், யூதர்கள் தங்களுடைய பாவமன்னிப்புப் பெருநாளின் பிற்பகலில் இந்தப் புத்தகத்தை முழுமையாக வாசிப்பதும், இராக்கில் உள்ள சுர்யானிக் கிறிஸ்தவர்கள் நினிவே நோன்பு என்று மூன்று நாட்கள் நோன்பிருப்பதும் இந்த வரலாறு எத்தனை சமுதாயங்களின் உள்ளத்தை அசைத்திருக்கின்றது என்பதைக் காட்டுகின்றன.

கடலில் விழுந்தார்கள். மீன் விழுங்கியது. எலும்பை நொறுக்காமல், சதையைச் சிதைக்காமல் ஓர் அமானிதத்தைப் போல் வயிற்றில் வைத்துக்கொள்ளுமாறு அந்த மீனுக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது என்பார்கள். நபி உத்தரவுக்குமுன் நகர்ந்துவிட்டார். மீனோ உத்தரவுக்கு ஒரு மயிரிழையும் மாறவில்லை. எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்பதில் மூன்று, ஏழு, நாற்பது என்று பல சொற்கள் உண்டு. அல்லாஹ் கணக்கைச் சொல்லாமல் விட்டிருக்கின்றான், நாமும் விட்டுவிடுவோம்.

இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என மூன்று இருள்களுக்குள்ளிருந்து அந்த துஆ எழுந்தது. அதன் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் அல்லாஹ்வைத் தவிர நாயன் இல்லை என்ற தவ்ஹீது. அடுத்து அவன் குறைகளிலிருந்து தூயவன் என்ற தஸ்பீஹ். மூன்றாவதாக, அநியாயம் செய்தவர்களில் நானும் ஒருவனாகிவிட்டேன் என்னும் ஒப்புதல். என்னை வெளியே எடு என்ற கோரிக்கை இதில் இல்லை. நீனவா மக்கள் இப்படிச் செய்ததனால்தான் நான் இங்கு வந்தேன் என்ற முறையீடும் இல்லை. எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை உருட்டும்போது இந்த மூன்றாவது பகுதி நம் நாவில் எவ்வளவு வேகமாகக் கடந்து போகின்றது! பங்காளி மீதும், பக்கத்து வீட்டுக்காரர் மீதும், பள்ளி நிர்வாகத்தின் மீதும் குறையை வைத்துக்கொண்டே அதை ஓதி முடித்துவிடுகின்றோம். இந்த துஆவைக் கொண்டு பிரார்த்திக்கும் முஸ்லிமுக்கு அல்லாஹ் பதிலளிக்காமல் இருப்பதில்லை என்ற கருத்தில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பொருளையும் சேர்த்து ஓதச் சொல்கின்றோம்.

அவர்கள் மட்டும் தஸ்பீஹ் செய்பவர்களில் ஒருவராக இருந்திருக்காவிட்டால் கியாமத்து நாள்வரை அந்த வயிற்றிலேயே தங்கியிருப்பார்கள் என்ற கருத்தைக் குர்ஆன் சொல்கின்றது. உள்ளே செய்த தஸ்பீஹை அது குறிக்கும் என்போரும் உண்டு. அதற்கு முன்பு சுகமாக இருந்த காலத்தில் செய்த வணக்கங்களைக் குறிக்கும் என்போரும் உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஓர் அறிவிப்பு தஃப்ஸீர் நூல்களில் வருகின்றது. அர்ஷைச் சுற்றி அந்தக் குரல் எட்டியபோது, அறிமுகமான குரலாக இருக்கின்றதே, ஆனால் அறிமுகமில்லாத இடத்திலிருந்து வருகின்றதே என்று மலக்குகள் வியந்தார்களாம். அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் நம் குரல் அங்கே அறிமுகமான குரல்தானா என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டுச் செல்கின்றது.

மீன் அவர்களை ஒரு வெட்டவெளியில் சேர்த்தது. இறகு முளைக்காத குஞ்சைப் போல் உடல் நலிந்திருந்தார்கள். நிழலுக்காக அல்லாஹ் அங்கே யக்தீன் என்னும் கொடியை முளைக்கச் செய்தான். அது சுரைக்கொடி என்பதே பெரும்பாலோரின் விளக்கம். அகன்ற இலை நிழல் தரும். அதன் பக்கம் ஈக்கள் அண்டுவதில்லை என்றும் எழுதியிருக்கின்றார்கள். யோனா புத்தகத்தில் வரும் செடியை மறுநாளே ஒரு புழு அரித்து வாடச் செய்துவிடுகின்றது. நம் வேதத்தில் அது மருந்தாகவே நிற்கின்றது.

ஊரில் நடந்தது

நபியவர்கள் கடலில் இருந்த காலத்தில் நீனவாவில் என்ன நடந்தது? இதுதான் இந்த வரலாற்றில் நாம் மிகக் குறைவாகப் பேசும் பகுதி.

வானம் கறுத்தது. புகை போன்ற மேகம் ஊரின் மேல் இறங்கி வீட்டு முகடுகள் கருமையேறின என்று தஃப்ஸீர்களில் காணப்படுகின்றது. மக்கள் யூனுஸ் (அலை) அவர்களைத் தேடி ஓடினார்கள், காணவில்லை. எச்சரித்தவர் போய்விட்டார், அவர் சொன்னதோ வந்துவிட்டது. அவர்களிடையே எஞ்சியிருந்த அறிவுள்ள ஒரு முதியவரிடம் சென்று வழி கேட்டார்கள். பின்னர் ஊரே திரண்டு வெளியிடத்திற்கு வந்தது. முரட்டுத் துணி உடுத்தினார்கள். தாய்மார்களைக் கைக்குழந்தைகளிடமிருந்தும், ஆடுமாடுகளை அவற்றின் குட்டிகளிடமிருந்தும் பிரித்து நிறுத்தினார்கள். மனிதரும் மிருகங்களுமாக எழுந்த ஓலம் வானை முட்டியது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தொட்டு வரும் ஒரு செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. அந்த மக்கள் அழுததோடு நிற்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் அநியாயமாக எடுத்தவற்றையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த அளவுக்கென்றால், பிறருடைய கல்லை எடுத்துத் தன் வீட்டுக்கு அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய மனிதர், அந்த அஸ்திவாரத்தைத் தோண்டிக் கல்லைப் பெயர்த்து உரியவரிடம் சேர்த்தாராம். வீடு நிற்குமா விழுமா என்று பார்க்கவில்லை. தவ்பாவுக்கு இதைவிடத் தெளிவான படம் வேறு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. சகோதரிக்குச் சேர வேண்டிய மீராஸ் பங்கை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டும், பக்கத்து மனையில் ஒரு சாண் தள்ளிச் சுவர் எழுப்பிக்கொண்டும், பராஅத் இரவில் கண்ணீர் சிந்துகின்ற நமக்கு அந்தச் சிலை வணங்கிகள் அன்று செய்த காரியம் எட்டாத உயரத்தில்தான் இருக்கின்றது.

அதாபு விலகியது. அதாபின் அறிகுறிகள் தென்பட்ட பின் ஈமான் கொண்டு அந்த ஈமானால் பயனடைந்த ஊர் இவர்களையன்றி வேறில்லை என்பதே யூனுஸ் ஸூராவில் வரும் அந்த ஆயத்தின் கருத்தாகும். ஃபிர்அவ்ன் மூழ்கும்போது சொன்ன ஈமான் ஏற்கப்படவில்லையே என்று கேட்கலாம். அவன் அதாபுக்குள் அகப்பட்ட பிறகு சொன்னான். இவர்கள் அது தங்களைத் தீண்டுமுன் அதன் அடையாளங்களைக் கண்டே திருந்திவிட்டார்கள் என்று அறிஞர்கள் வேறுபாடு காட்டுகின்றார்கள்.

அன்று அந்த வெளியிடத்தில் அவர்களுடன் அழுதிருக்க வேண்டியவர், அவர்களுக்கு தவ்பாவின் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் அங்கு இல்லை. அவர்கள் விதைத்தது முளைத்த நாளில் விதைத்தவர் நிலத்தில் இல்லை.

இந்த இடத்தில் நம்முடைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நபியோடு நம்மை ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஸனது பெற்று வெளிவந்த புதிதில் ஒரு சிற்றூரில் இமாமத் பணியேற்றோம். பஜ்ருத் தொழுகைக்கு முஅத்தினும் நாமும் இரண்டு முதியவர்களும் ஆக நால்வர். கடைத்தெருவில் இரவு ஒரு மணிவரை அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் மூன்று ஆண்டுகள் பேசிப் பார்த்தோம். ஒரு ஜும்ஆவில் மனம் கசந்து கடுமையாகப் பயான் செய்தோம். அந்த மாதமே அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டோம். இருக்கச் சொன்ன முதியவர்களின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிக்காஹுக்காக அந்த ஊருக்குச் சென்று இரவு தங்க நேர்ந்தது. பஜ்ரில் இரண்டு ஸஃப்பு நிறைந்திருந்தது. முன் ஸஃப்பில் நின்றவர்களில் பாதிப்பேர் அந்தக் கடைத்தெரு இளைஞர்கள். அவர்களில் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, ஹஜ்ரத், அன்று நீங்கள் கோபித்துக்கொண்டு போனது எங்களுக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். அந்த முதியவர்கள் இருவரும் அப்போது கப்ரில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் ராஜினாமா எழுதும் எண்ணம் நமக்கு வந்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் எழுதுமுன் நீனவாவை நினைத்துக்கொள்கின்றோம்.

உடல் தேறிய பின் நபியவர்கள் மீண்டும் அனுப்பப்பட்டார்கள். ஓர் இலட்சம் பேர், அல்லது அதற்கும் மேற்பட்டோர் என்று குர்ஆன் தொகை சொல்கின்றது. முன்னர் விட்டு வந்த அதே ஊருக்கே அனுப்பப்பட்டார்கள் என்பது பெரும்பாலோரின் கருத்து. விட்டுப் போனபோது பகைத்த முகங்கள், திரும்பி வந்தபோது எதிர்கொண்டு வரவேற்றன. போன பணியாளரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்போது பழைய பதவியைத் தராமல் கீழே ஓர் இடத்தில் அமர்த்துவது மனிதர்களின் வழக்கம். அல்லாஹ் அவர்களைத் தேர்ந்தெடுத்து ஸாலிஹீன்களில் ஆக்கியதாக அல்கலமில் கூறுகின்றான்.

நீனவா மக்கள் ஒரு காலம்வரை சுகமாக வாழ விடப்பட்டார்கள். கி.மு. 612இல் அந்தத் தலைநகர் பாபிலோனியராலும் மீதியராலும் வீழ்த்தப்பட்டது என்பது வரலாறு. பின்வந்த நூற்றாண்டுகளில் நபியின் பெயர் அங்கிருந்த ஒரு மேட்டுக்கு நிலைத்துவிட்டது. 1184இல் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைர், அடுத்த நூற்றாண்டுக்குப் பின் சென்ற இப்னு பதூதா ஆகிய இரு பயணிகளும், மூஸிலுக்கு எதிரே யூனுஸ் நபியின் மேட்டையும் அருகில் இருந்த நீரூற்றையும் கண்டு எழுதியிருக்கின்றார்கள். அந்த மேட்டின் மேல் அவர்களுடைய பெயரால் நின்றிருந்த பள்ளிவாசலை 2014 ஜூலையில் தீவிரவாதக் கும்பல் ஒன்று வெடிவைத்துத் தகர்த்தது. பின்னர் ஊர் மீட்கப்பட்டபோது, அந்த இடிபாடுகளுக்கு அடியில் அஸீரிய மன்னரின் அரண்மனைப் பகுதிகள் தென்பட்டன.

தாயிஃபில் கல்லடி பட்டு இரத்தம் வழிய நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒதுங்கிய திராட்சைத் தோட்டத்திலும் இந்த ஊரின் பெயர் ஒலித்தது. ரபீஆவின் மக்களாகிய உத்பா, ஷைபா ஆகியோரின் தோட்டம் அது. தட்டில் திராட்சைக் குலையைக் கொண்டுவந்த அடிமையின் பெயர் அத்தாஸ். உன் ஊர் எது என்று கேட்டார்கள், நீனவா என்றார். ஸாலிஹான மனிதர் யூனுஸ் இப்னு மத்தாவின் ஊரா என்று கேட்டார்கள். அவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் திகைத்தபோது, அவர் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்ற கருத்தில் விடையளித்தார்கள். அத்தாஸ் குனிந்து அவர்களுடைய தலையையும் கைகால்களையும் முத்தமிட்டார். தம் ஊரார் விரட்டியடித்த நாளில், அதே நிலையை அடைந்த சகோதரரின் நினைவு அவர்களுக்கு ஆறுதலாக வந்தது. அந்தப் பயணத்தில்தான், மலைகளுக்குரிய மலக்கு வந்து இவர்களை நசுக்கிவிடவா என்று கேட்டபோது, வேண்டாம், இவர்களுடைய சந்ததியில் அல்லாஹ்வை வணங்குவோர் தோன்றுவார்கள் என்று நம்புகின்றேன் என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 9இல் தாயிஃப் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே பயணம் செய்துகொண்டிருந்தபோது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹர்ஷா என்னும் கணவாயை அடைந்தார்கள். இது எந்தக் கணவாய் என்று கேட்டறிந்துகொண்ட பின், தமக்குக் காட்டப்பட்ட ஒரு காட்சியைத் தோழர்களுக்கு எடுத்துரைத்தார்கள். சிவந்த ஒட்டகம் ஒன்று. அதன் மூக்கணாங்கயிறு பேரீச்ச நாரால் திரித்தது. அதன் மேல் கம்பளி ஜுப்பா அணிந்த ஒருவர் அமர்ந்து, அழைத்தவனுக்கு இதோ வந்துவிட்டேன் என்று தல்பியா முழங்கியவாறு அந்தக் கணவாயைக் கடந்து சென்றுகொண்டிருந்தார். அவர்தாம் யூனுஸ் இப்னு மத்தா (அலை) அவர்கள்.